கணிச்சம்

என்னை அழைத்தது
மேலாளர் பங்களாவுக்குப் புல்தரை போட.
குளச்சலுக்கு மேற்கே, கறுத்த மணல் எஸ்டேட்.
புல் பிடிக்கும் முன்பே மேலாளர் போய்விட்டார்.
நெஞ்சுவலி என்றார்கள், கணக்கு என்றும் சொன்னார்கள்.
'மூணு வாரம் பாத்துக்கிடுங்க மேடம்,
சாவி சும்மாதானே கெடக்கு'
என்றார் ஸ்டோர்ஸ் ஞானசிகாமணி.
பதினோரு வருடம்.

மண்ணைப் பார்த்தால் செடி வைக்கத் தோன்றும் கை.
அந்தக் கையாலேயே
தோண்ட வேண்டிய சதுரங்களுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
காலையில் சிவப்புப் பென்சில், மாலையில் பச்சை,
ஒரே தாளின் இரண்டு பக்கம்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
குழிக்குள் கொல்லாமா நிற்கும்.

ஆனி ஆடியில் கடல் தானே சலித்துத் தரும்.
வெள்ளையை இழுத்துக்கொண்டு
கறுப்பை விட்டுப் போகும், ஈரப் பட்டுபோல.
'பொன்னாக்கும் மேடம்' என்பார்கள் லாரிக்காரர்கள்.
பொன் என்றால் மினுங்க வேண்டாமா?
இது என் கைப்பையின் காந்தப் பொத்தானில்
மீசைபோல் முளைக்கும்.
திங்கள்சந்தையில் சில்லறை எடுத்துக் கொடுத்தால்
மீன்காரி உள்ளங்கையிலும் கொஞ்சம் எஸ்டேட்.

எடுத்த மேட்டை எடுத்தபடி திருப்ப வேண்டும், அது விதி.
நான் அதற்கு மேலும் திருப்பினேன்.
முன்னால் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும்,
பிறகு தாழை, அதற்கும் பின்னே சவுக்கு,
காற்று ஏறும் படிகளாக.
அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்தார்கள்.
ஏழாவது சதுரத்தில் மட்டும் இரண்டு பனை
வரிசைக்கு ஒவ்வாமல் நின்றன.
வெட்டச் சொன்னேன்.
மணலுக்காகக்கூட அல்ல. ஒவ்வவில்லை.

நான்காம் நாள் கேட்டில் சேசடிமை,
முப்பது வயதுகூட இருக்காது.
'எங்க பாரை எங்க கொண்டு வச்சிருக்கிய?'
நாங்கள் பாறை எடுப்பதில்லை என்றேன்.
'கடலுக்க அடியில கெடக்க பாரு.
அதுக்க சாவி உங்க நெலத்துலதான் நின்னுது.'

மறுநாள் விடியுமுன் வள்ளத்தில் ஏற்றினார்.
இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.
'இப்பம் திரும்பிப் பாருங்க.'

ஆறு வருட வேலை ஒரு பச்சைக் கோடு.
சுண்டுவிரலால் மறைத்துவிடலாம்.
தாழை எது, சவுக்கு எது, என் படிகள் எங்கே?
பின்னால் வேளிமலை, நீலமாய், என்னைத் தெரியாததுபோல்.
'மலைக்க மூக்கு ரெட்டப் பனைக்கு நடுவுல விழணும்,
கோயில் கோபுரம் தென்னைக்கு மேல எழும்பணும்,
அப்பம் கல்லைப் போட்டா கலவா.
கணிச்சம்னு சொல்லுவோம்.'
ஜி.பி.எஸ். இல்லையா?
'இருக்கு. அதுல குறிச்சா ஒருநாள் எல்லாவனும் வந்து நிப்பான்.
பனை யாருக்கும் சொல்லாதுல்லா.'

பனை இருபது வருடம் கேட்கும்.
ஸ்டோர்ஸில் தேய்ந்த மணல்குழாய் இரண்டு எழுதி வாங்கி
காரணம் என்ற கட்டத்தில்
'தோட்ட அலங்காரம்' என்று போட்டேன்.
அவர் கடலில் நின்று செல்போனில் சொன்னார்:
மேற்க. இன்னும். ஒரு முழம்.
ஐயோ, போதும், கிழக்க வாங்க. நிறுத்துங்க.
என் நடவுகளில்
அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து நட்டவை
அவை இரண்டுதான்.
அடியில் ஆளுக்கொரு பனங்கொட்டையும் புதைத்தோம்.

அந்த வாரத்து கேட் ரெஜிஸ்டர்:
உள்வரவு, கலவா ஒன்று, மூன்று கிலோ இருநூறு.
யாருக்கு: மேலாளர். எதற்கு: தெரியாது.

நான் விலகியபோது ஒப்படைப்புப் பட்டியல் நாற்பது பக்கம்.
முப்பத்தெட்டாவதில்,
பழுதான பம்புக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவே:
குழாய்க் கம்பம் இரண்டு, அகற்றக் கூடாது.
புதியவர் கேட்டார்,
'இது எதுக்கு மேடம், கொடி ஏத்தவா?'
அந்தப் பாரைப் பற்றிச் சொல்ல
எனக்கு உரிமை இல்லை.
அலங்காரம் என்றேன்.
ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்,
பென்சிலால்.